ஷெல்லில் நான் தட்டிய வரிகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். தட்டாஞ்சாவடியில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில், பைத்தான் என்ற கணினி மொழி நன்றாகத் தெரியும் என்று பொய் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஸ்கேன் செய்த பழைய பத்திரங்களைப் படிக்க, யாராரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பேக்கேஜ்களில் எது உதவும் என்று மாலை நான்கு மணிக்குள் முதலாளியிடம் காட்ட வேண்டும். ஒரு வரி தட்டினால் உடனே பதில் தரும் ஷெல்லில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பிழை மேல் பிழை. வெறுத்துப்போய், ‘அம்மா வேலை போச்சு’ என்றுகூடத் தட்டினேன். அதற்கும் பிழை என்றது.

மூன்றரைக்கு ஐந்தாவது பேக்கேஜ் பத்திரத்தைப் படித்துவிட்டது. சந்தோஷத்தில் எக்ஸிட் கொடுத்து மூடினேன். எதையும் கோப்பில் எழுதி வைக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எப்படிச் செய்தேன் என்பதும் நினைவில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

என்னை நேர்காணல் செய்த ஸ்டெல்லா அக்கா பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அழுவாதடா. ஷெல்ல மறுபடி தொறந்து மேல் அம்புக்குறியத் தட்டு. அடிச்சதெல்லாம் வரும்.”

வந்தது. நான் திரும்பத் திரும்ப ‘ஹெல்ப்’ கேட்ட வரிகளும் வந்தன.

“தெரியும்னு சொன்னியே?”

“பொய்க்கா. ஒண்ணும் தெரியாது.”

அவர் திரையிலிருந்த வரிகளை மேலிருந்து கீழே படித்தார்.

“இத அப்படியே காட்டு. எதெல்லாம் வேலைக்கி ஆவலன்னும் மொதலாளிக்குத் தெரியணுமில்ல? அம்மாவ மட்டும் எடுத்துடு.”

வேலை நிலைத்தது. அம்மாவைக் கூப்பிட்ட அந்த வரியை மட்டும் என் கணினியிலிருந்து நான் இன்னும் அழிக்கவில்லை.