கொடுத்த டப்பாவில் தராதவர்

தணிகாசலத்தின் மேல் கலியாணசுந்தரத்துக்கு நாலு வருஷக் கோபம். கொடுத்த டப்பாவில் அந்த மனுஷன் ஒருநாளும் மூத்திரம் தந்ததில்லை.

பெரிய காஞ்சிபுரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஐஸ் பெட்டி சுமப்பவர் கலியாணசுந்தரம். தென்னேரிப் பண்ணையில் பூச்சிமருந்து அடிக்கிற ஆட்களின் மூத்திரத்தை வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி வரவேண்டும். உடம்பில் மருந்து ஏறியிருந்தால் அந்த ஆள் ஒரு மாதம் தெளிப்பானைத் தொடக்கூடாது. பெண்களோடு குனிந்து களை பிடுங்கவேண்டும். அங்கே மருந்தடிக்கிற தணிகாசலத்துக்கு அதைவிடத் தூக்கு மேல்.

விரலை எச்சிலில் நனைத்துக் காற்றுப் பார்ப்பார். மருந்து மூடியைப் பல்லால் திறப்பார். தெளிப்பானின் மூக்கு அடைத்தால் வாயை வைத்து ஊதுவார். பண்ணையில் தந்த முகமூடியைக் கத்தரித் தோட்டத்துப் பொம்மைக்குக் கட்டிவிட்டார்.

"காத்துக்கு முதுகக் காட்டி அடிக்கிறவன மருந்து இன்னாபா பண்ணும்?"

டப்பா எங்கே என்றால் அவர் மனைவி லோகாம்பாள் அலமாரியைக் காட்டுவாள். ஒன்றில் காமாட்சியம்மன் குங்குமம், ஒன்றில் ஏகாம்பரநாதர் விபூதி, மற்றதில் பெருங்காயம்.

"இவ்ளோ சுத்தமான டப்பாவுல போயி அத்தயா புடிப்பாங்க? நல்லா இருக்குதுபா உங்க ஞாயம்!"

ஒரு வருஷம் ஊறுகாய் பாட்டிலில் வந்தது. மிளகாய் விதை மிதந்தது. இந்த வருஷம் மூடி இறுக்கமாக இருக்கட்டுமென்று காலிப் பூச்சிமருந்து பாட்டிலில் தந்துவிட்டார்.

ஆய்வுக்கூடத்து காயத்ரி தலையில் கைவைத்தாள். "அண்ணே, இவ்ளோ மருந்து உடம்புல இருந்தா அந்த ஆளுக்கு இந்நேரம் பதினாறே முடிஞ்சிருக்கும்!"

கலியாணசுந்தரம் பறந்தார். தணிகாசலம் வரப்பில் குந்தி ஏழாவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தார்.

"புளி போட்டு மூணு வாட்டி கழுவினேன்பா!"

புது டப்பாவைக் கையில் திணித்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பி, கலியாணசுந்தரம் காவல் நின்றார்.

"நீ நின்னுக்கினு இருந்தா எப்பிடிபா வரும்?"

அரைமணி கழித்து வந்தது.

அந்த டப்பாவிலும் மருந்து இருந்தது. முன்னளவு இல்லை, ஆனால் இருக்கவேண்டியதற்கு நாலு மடங்கு. பழிபோட இந்தமுறை பாட்டில் இல்லை.

கலியாணசுந்தரம் வீட்டுக்குக் கொண்டுவந்த ரிப்போர்ட்டை தணிகாசலம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தெளிப்பானின் பித்தளை மூக்கைக் கழற்றினார். பழக்கதோஷம், ஊத வாயருகே போனது, பாதியில் நின்றது. விபூதியைக் காகிதத்தில் கொட்டிவிட்டு, அந்த டப்பாவில் மூக்கைப் போட்டு, மூடியை இறுக்கி நீட்டினார்.

"மாசம் முடியற வரிக்கும் உன்னாண்டயே வெச்சிரு. நானே வந்து கால்ல வுழுந்தாலும் குடுத்துடாதபா."