இரண்டு மொழியில் ஓர் ஒப்பந்தம்

லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினொரு வருடம் வகுப்புத் துணையாளராக இருந்துவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில்தான் நான் ஆசிரியையானேன். முதல் வருடம் எனக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். அதில் எட்டுப் பேர் வீட்டில் தமிழ் கதைக்கிறவர்கள்.

இரண்டாம் தவணைக்குச் சரித்திரத்தில் ஒரு தலைப்பை வகுப்பாசிரியரே தெரிவு செய்யலாம் என்றார் தலைமையாசிரியை. மற்ற இரண்டு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் வைக்கிங்குகளை எடுத்தார்கள். அதற்குப் படங்கள் நிறைய உண்டு, பழைய பயிற்சித்தாள்களும் அலுமாரியில் கிடந்தன. நான் வைத்தாங்கி ஒப்பந்தத்தை எடுத்தேன். நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரிகளின் தலைவர்கள் அன்றைய பிரித்தானிய ராணியின் பிரதிநிதியோடு 1840இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

"இந்த வயதுக்கு அது கொஞ்சம் பாரமாக இருக்காதா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"இருக்காது" என்றேன்.

அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் அரசு தமிழரோடு செய்த ஒப்பந்தம் என்ற பேச்சு எடுத்தால், அது எப்படிக் கிழிபட்டது என்ற பேச்சில்தான் போய் முடியும். அவ்வளவு காலத்துக்கு முன்பு கையெழுத்தான ஒரு தாளை நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வைத்து ஒரு நாடு இன்றைக்கும் வாதாடுகிறது என்று வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது.

முதல் வாரம் நன்றாகப் போனது. தலைவர்கள் பலர் தங்கள் முகத்தில் பச்சை குத்தியிருந்த கோலத்தின் ஒரு துண்டையே கையெழுத்தாக வரைந்தார்கள் என்று சொன்னேன். முப்பது பேரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தங்களுக்கென்று ஒரு கோலம் கண்டுபிடித்தார்கள். பெண்களும் கையெழுத்துப் போட்டார்களா என்று ஒருத்தி கேட்டாள். சிலர் போட்டார்கள் என்றதும் பெண்பிள்ளைகள் வரிசையிலிருந்து கைதட்டல். முதலில் கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவரே பின்னாளில் தன் ஆட்களோடு போய்ப் பிரித்தானியக் கொடிக்கம்பத்தைத் திரும்பத் திரும்ப வெட்டி விழுத்தினார் என்ற கதை, மதிய இடைவேளைக்குள் பக்கத்து வகுப்புக்கும் போய்விட்டது.

"அந்த ராணி எங்கே இருந்தா, மிஸ்?"

"இந்த ஊரில்தான். இங்கே ரயில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் அரண்மனை வாசலில் நிற்கலாம். பிறகு ஒரு மாவோரித் தலைவர் முறையிடுவதற்காகக் கப்பலேறி லண்டனுக்கே வந்தார். ராணியைச் சந்திக்க அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை."

"இவ்வளவு தூரம் வந்துமா?" என்று கேட்டான் ஒருவன். அவனுடைய முகம் சிவந்துவிட்டது.

அடுத்த வாரம்தான் நான் பிழை விட்டேன்.

அந்த ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் மாவோரியிலும் எழுதப்பட்டது. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. இதை வாயால் சொல்லாமல், பிள்ளைகள் தாங்களே உணரும்படி செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. வகுப்பின் மூலையில் மெத்தைகள் போட்டு ஒரு புத்தக மூலை வைத்திருந்தோம். அதைப் பற்றித் தமிழில் ஓர் ஒப்பந்தம் எழுதினேன்: "புத்தக மூலையை மிஸ் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் மூலை என்றைக்கும் வகுப்பினுடையது." அதை வாசித்துவிட்டு, ஆங்கிலத்தில் சொல்லும்படி ஒரு பெண்பிள்ளையை எழுப்பினேன்.

அவளை எழுப்பியதற்குக் காரணம் அவளுடைய தமிழ். அம்மாவும் அவளும் மட்டும்தான் வீட்டில். அம்மாவுக்குப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. அவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதும், கடிதங்களுக்குப் போதாது. கவுன்சில், டொக்டர், வீட்டுக்காரர் என்று எல்லா இடத்திலும் மகள்தான் கதைப்பாள். அன்றைக்கும் ஒரு சொல் தவறாமல் சொன்னாள். எல்லோரும் தங்கள் கோலத்தை வரைந்து கையெழுத்துப் போட்டார்கள். "இது அதே விஷயம், ஆங்கிலத்தில்" என்று இன்னொரு தாளையும் அதனோடு சேர்த்துக் குத்தினேன். ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்தபோது புத்தக மூலைக்குக் குறுக்கே சிவப்பு நாடா. பக்கத்தில் ஆங்கிலத் தாள்: "புத்தக மூலையின் முழு அதிகாரமும் மிஸ்ஸுக்கே உரியது."

என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை. ஒருவன் அவள் பக்கம் திரும்பி, "நீதானே பிழையாகச் சொன்னாய்!" என்றான். அடுத்த கணம் அரைவாசி வகுப்பு அவளைப் பார்த்துக் கத்தியது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

நாடாவை நானே அறுத்தேன். பிள்ளைகளைத் துணையாளரோடு விளையாட்டுத்திடலுக்கு அனுப்பிவிட்டு அவள் பக்கத்தில் போய் இருந்தேன். அதுவரை என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசியவள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"வீடு மாறுறதுக்குக் கவுன்சிலில இருந்து ஒரு கடிதம் வந்தது, மிஸ். நான் திகதியைப் பிழையா வாசிச்சு அம்மாக்குச் சொல்லிப்போட்டன். நாங்கள் போகேக்க அந்த வீட்டை வேற ஆக்களுக்குக் குடுத்து முடிஞ்சுது. அம்மா என்னை ஏசேல்லை. இப்பவும் திரும்பப் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சன்."

பதினொரு வருடம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். மொழிபெயர்க்கிற பிள்ளையின் தோளில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் திரும்பி வந்ததும் வகுப்புக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இரண்டு தாளில் இரண்டு விஷயம் எழுதியது நான். உங்களிடம் பொய் சொன்னதும் நான்." பிறகுதான் வைத்தாங்கியில் நடந்ததைச் சொன்னேன். ஒரு மதபோதகர் அவசரமாக மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் இறைமை முழுவதும் ராணிக்கு. மாவோரியில் ராணிக்குக் கொடுத்தது நிர்வாகம் செய்வதைக் குறிக்கும் ஒரு சொல். தங்கள் நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களுக்கிருந்த முழு அதிகாரம் அவர்களிடமே இருக்கும் என்றது அந்தத் தாள்.

அவள் கையை உயர்த்தினாள்.

"அந்த மதபோதகருக்குச் சரியான சொல் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லியிருக்கலாமே?"

"தெரிந்துகொண்டே மாற்றியிருந்தால்?" என்றான் காலையில் அவளைப் பார்த்துக் கத்தியவன்.

"அதைப் பற்றிப் படித்த ஆட்களே இன்னும் வாதாடுகிறார்கள்" என்றேன்.

புத்தக மூலைக்குப் புதிய ஒப்பந்தம் எழுதவேண்டும் என்று கேட்டவர்கள் பிள்ளைகள்தான். ஆங்கிலம், தமிழ், உருது, வங்காளம், ருமேனியன் என்று ஐந்து மொழிகளில். சட்டம் போட்டவள் அவள்: ஒருவர் மொழிபெயர்த்ததை, அதே மொழி தெரிந்த இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் கையெழுத்து. பெரிய அலுவலகங்களில் இப்படித்தான் சரிபார்ப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ருமேனிய மொழியில் இரவல் கொடுப்பதற்கும் இரவல் வாங்குவதற்கும் ஒரே சொல்லாம். இரண்டு பிள்ளைகள் அரைமணி நேரம் அதற்காகச் சண்டை பிடித்து, கடைசியில் ஒரு முழு வசனத்தையே மாற்றினார்கள். மூன்று நாள் எடுத்தது. கணக்குப் பாடம் ஒன்றைக் களவாக விழுங்கினேன்.

தவணை முடிவில் பெற்றோருக்கு முன்னால் பிள்ளைகள் அதைச் சொல்லிக்காட்டினார்கள். ஐந்து தாள்களையும் ஐந்து பேர் தூக்கிப் பிடிக்க, அவள் நடுவில் நின்று மாவோரித் தலைவர்களைப் பற்றிப் பேசினாள். அவர்கள் ஏமாளிகள் இல்லை, தங்கள் மொழியில் இருந்ததை நன்றாக விளங்கித்தான் கையெழுத்துப் போட்டார்கள், அதனால்தான் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். அந்த வசனம் நான் எழுதிக்கொடுத்ததல்ல. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவளுடைய அம்மா வேலைச் சீருடையோடு பின்வரிசையில் இருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், வீட்டில ஒரு மாசமா இந்த ஒப்பந்தக் கதைதான். அந்தக் கடிதத்தைச் சொல்லி உங்களிட்டயும் அழுதவளோ?"

"ஓம். நான்தான் அழ வைச்சிட்டன்."

"பரவாயில்லை. இப்ப எனக்கே சட்டம் சொல்லுறாள். 'விளங்காட்டி விளங்கேல்லை எண்டுதான் சொல்லுவன், அம்மா. பெரிய விஷயமெண்டால் அவையளிட்ட மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அது உங்கட உரிமை' எண்டாள். போன கிழமை கவுன்சிலில கேட்டன். ஒரு பொம்பிளையைப் போனில எடுத்துத் தந்தவை. நான் கதைச்சன், இவள் பக்கத்தில இருந்து படம் கீறினவள்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மகளும் அவரும் வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இந்த வருடம் மூன்று ஐந்தாம் வகுப்புகளும் வைத்தாங்கியைப் படிக்கின்றன. பாடத்திட்டம் எழுதித் தந்தது நான். புத்தக மூலை விளையாட்டும் அதில் இருக்கிறது. ஆனால் மொழிபெயர்க்கப்போகிற பிள்ளைக்கு முதல் நாளே இரண்டு தாளையும் காட்டி, சம்மதம் கேட்டுவிட வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.