இன்ஸ்பெக்டர் வீட்டுச் சாவிப் பலகை

போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீட்டுச் சுவரில் பதக்கம் தொங்கும். தொப்பியும் பெல்ட்டுமாக எடுத்த படம் தொங்கும். இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில் தொங்கியதோ அடுத்தவர் வீட்டுச் சாவிகள். ஒரு பலகை, வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. திருடன் உள்ளே வந்தாலும் எது எந்த வீட்டுடையது என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர் எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. கட்டியது அவர் மனைவி. தெருவுக்கு அவள் இன்ஸ்பெக்டர் வீட்டம்மா.

இதை ஆரம்பித்து வைத்தவர் எதிர்வீட்டில் தனியாக இருந்த டீச்சரம்மா. இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்ற புதிதில் ஒரு நாள் வந்து, "தம்பி, நான் உள்ள விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியப்போகுது? நீங்கதான் வந்து திறக்கணும்" என்று மாற்றுச்சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். நீல நூல் அவருக்கு. பிறகு மருந்துக்கடைக்காரர் கொடுத்தார், தையல்காரர் கொடுத்தார், பஸ் டிரைவர் கொடுத்தார். கொஞ்ச நாளில் பலகை நிறைந்துவிட்டது.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கறீங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு எவன் வீட்டுலயாவது ஒரு கரண்டி காணாமப் போனாலும் உங்க தலையிலதான் விடியும்."

அவர் சிரித்தார். "காக்கி போட்டிருந்த காலமெல்லாம் என்னைப் பாத்தா ஜனங்க எதிர்ப்பக்கம் போவாங்க. இப்பதான் கிட்ட வந்து சாவி குடுக்கறாங்க. அதைப் போய் வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

மனுஷனுக்கு அந்தப் பலகைதான் பதக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எல்லாச் சாவியையும் இறக்கி, தையல் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டுவார். டிரைவர் வீட்டில் அடுப்பை அணைக்காமல் ஊருக்குப் போய்விட்டார்களா, சார் போய்த் திறந்து அணைப்பார். தையல்காரர் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதா, சார்தான் வண்டி பிடிப்பார். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது அவர்தான். சொந்தப் பெண் ஊருக்கு வந்தால் அழைத்துவர மட்டும் நேரம் இருக்காது. அந்தக் கடுப்பு வீட்டம்மாவுக்கு நிறையவே உண்டு.

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, மருந்துக்கடைக்காரர் வீட்டில் வளையல்கள் காணாமல் போயின. பூட்டு உடையவில்லை, ஜன்னல் பெயரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தத் தெருவின் வாய் தானாகவே மூடிக்கொண்டது. அதுதான் மோசம். இன்ஸ்பெக்டருக்கு அது உறைக்கவில்லை. பழைய கால்கள் திரும்பியதுபோல அலைந்து விசாரித்து, எடுத்தது கடைக்காரரின் சொந்த மச்சான்தான் என்று கண்டுபிடித்து, வளையல்களையும் மீட்டுக் கொடுத்தார். "நீங்க தெய்வம் சார்" என்று கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாவிகள் பலகையில் அப்படியே இருந்தன.

ஒரு நாள் முற்பகல், டீச்சரம்மா வீட்டு வாசற்படியில் தண்ணீர் வழிந்து தெருவுக்கு வந்தது. தையல்காரர் ஓடிவந்தார். "சார், உள்ள முனகல் கேக்குது! டீச்சரம்மா சாவியை எடுத்துட்டு ஓடியாங்க!"

நீல நூல் சாவியோடு இன்ஸ்பெக்டர் ஓடினார், பின்னாலேயே மனைவி. அதற்குள் தெருவே அங்கே கூடிவிட்டது. சாவி பாதிதான் உள்ளே போனது. உருவி ஊதிவிட்டு மறுபடி போட்டார். திருப்பிப் போட்டார். உள்ளே முனகல் மெலிந்துகொண்டே வந்தது. அந்தப் பழைய கதவில் பூட்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்ததை வீட்டம்மா அப்போதுதான் பார்த்தாள்.

அவரும் பார்த்துவிட்டார். மெல்லத் திரும்பி, பின்னால் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே எத்தனை திருடனைப் பிடித்த மனிதர்! மருந்துக்கடைக்காரர் செருப்பைக் குனிந்து பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். தன் பூட்டை மாற்றியது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவனவன் நினைத்திருந்தான். எல்லாருமே மாற்றியிருக்கிறார்கள் என்று அந்த வாசலில்தான் அவர்களுக்கே விளங்கியது.

"எண்ணெய் பத்தல போல. என் தப்பு" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு தோளைக் கொடுத்துக் கதவில் மோதினார்.

ஆஸ்பத்திரியில் டீச்சரம்மா அவர் கையை விடவில்லை. "வளையல் போனப்ப எல்லாரும் பூட்டை மாத்தினாங்கன்னு பூட்டுக்காரன் சொன்னான். நானும் மாத்திட்டேன் தம்பி. சந்தேகம் இல்ல, பயம். மச்சான்தான்னு தெரிஞ்சப்புறம் உங்ககிட்ட எந்த முகத்தோட வந்து புதுச்சாவி குடுப்பேன்?" அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்றார் டாக்டர்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் தெருவில் இறங்கவில்லை. யாராவது வாசலில் "சார்" என்றால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பலகை இறங்கும், எண்ணெய் வரும். ஒரு நாள் மனைவி பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள். "ஒரு கதவையும் திறக்காத சாவிக்கு எண்ணெய் என்ன வேண்டிக்கிடக்கு? தூக்கிக் குப்பையில போடுங்க!"

"குடுத்தவங்க யாரும் திருப்பிக் கேக்கலையே" என்றார் அவர்.

அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தெரு முழுக்க வந்து அழுதது. பொய்யழுகை என்றும் சொல்லிவிட முடியாது. மருந்துக்கடைக்காரர் நடுவில் நின்று, "எங்க வீட்டுச் சாவியையே நம்பிக் குடுத்து வச்சிருந்தோமே" என்று விம்மினார். அட பாவி மனுஷா!

காரியங்கள் முடிந்ததும் வீட்டம்மா சிவப்பு நூல் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்காரர் வீட்டுக்குப் போனாள்.

"இருக்கட்டும்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் அவர்.

"அப்ப ஒரு தடவை உங்க பூட்டுல போட்டுத் திருப்பிக் காட்டுங்க. கையோட எடுத்துட்டுப் போறேன்."

அவர் கதவுப் பூட்டை மறைத்தாற்போல நகர்ந்து நின்றார். சாவியை அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். மற்ற வீடுகளுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. போய்த்தான் என்ன ஆகப்போகிறது?

மாலையில் பெண் போன் செய்தாள். "நீ தனியா இருக்கம்மா. நம்ம வீட்டு மாற்றுச்சாவியை யார்கிட்டயாவது குடுத்து வை. உள்ள விழுந்து கிடந்தா வந்து திறக்க ஆள் வேணாமா?"

"சரிம்மா, குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு மாற்றுச்சாவியைத் தேடி எடுத்தாள். நூல்கண்டில் மிச்சமிருந்த நீலத்தை அறுத்து அதில் கட்டினாள். வாசலில் நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தாள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. உள்ளே வந்து கதவைத் தாழிட்டுவிட்டு, பலகையில் சிவப்பு நூல் சாவி போய்க் காலியாக இருந்த ஆணியில் தன் வீட்டுச் சாவியை மாட்டினாள்.