அத்தையின் பெட்டிக்கு ஐந்து வருட வாரண்டி

எங்கள் அப்பா எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அப்படிப்பட்டவர் தன் ஒரே தங்கைக்குச் சீராக வாங்கியவற்றில் மனசாரச் செலவழித்தது ஒரு சூட்கேசுக்குத்தான். நீல நிறம், நாலு சக்கரம், நம்பர் பூட்டு, ஐந்து வருட வாரண்டி. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதைவிட அந்த வாரண்டியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அத்தை மலைக்குப் போனதும் என்னை மறந்துவிடக் கூடாதென்று, பெட்டியின் முதுகில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

மாமாவுக்குப் போடிமெட்டைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, அத்தை தனியாக ஜீப்பு ஏறி எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்கு வந்து நின்றாள். பெட்டியில் ஒரு சக்கரத்தைக் காணோம், பூட்டு தொங்கியது, பக்கவாட்டில் நீளமாக ஒரு விரிசல். ஜீப்பின் மேலே கட்டியிருந்தது வளைவில் விழுந்துவிட்டது என்றாள்.

சீர் கொடுத்த பெட்டி உடைந்து பிறந்த வீட்டுக்கு வந்தால், உடைந்தபடியே அதைப் பெண்ணோடு திருப்பி அனுப்புவது ஆகாது என்பாள் அம்மா. அப்பாவுக்கோ, கட்டிக் கொடுத்த பெண் நாலு நாளுக்கு மேல் தங்கினால் ஊர் பேசுமே என்ற கவலை. வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியைச் சரிபண்ணி அத்தையை மலையேற்றிவிடுவதென்று முடிவானது. அத்தையை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அப்பா பெட்டியோடு என்னையும் போடிக்குக் கூட்டிப் போனார். பஸ்சிலேயே பாடம் நடந்தது. சக்கரமும் பூட்டும் தானாகப் போனால்தான் கம்பெனி பொறுப்பு. கீழே விழுந்து உடைந்ததென்றால் வாரண்டி செல்லாது. ஆகவே ஜீப்பு என்ற சொல்லே என் வாயில் வரக் கூடாது.

கடையில் அப்பா பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்து வைத்து, எல்லாம் தானாகக் கழன்றுவிட்டது என்றார். கேட்காமலேயே நானும் பலமாகத் தலையாட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, உள்துணியை விலக்கி, விரிசலைத் தடவிப் பார்த்தார். தானாகப் போனதாகத் தெரியவில்லையே என்று இழுத்தார். உடனே அப்பா, சரி, ஜீப்பிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிட்டார். நான் அவ்வளவு கட்டுப்பாடாக வாயை மூடிக்கொண்டிருந்ததெல்லாம் வீணாயிற்று.

"விழுந்தா மூலைதாண்ணே ஒடையும். இது நடுவுல குழிஞ்சிருக்கு. யாரோ ஏறி மிதிச்சிருக்காங்க. பூட்டையும் நெம்பிருக்காங்க பாருங்க."

சண்டைக்கென்றே கிளம்பி வந்த அப்பா அந்தக் குழிவில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு, வாரண்டி வேண்டாம், காசுக்கே சரிபண்ணுங்கள், அவசரமில்லை என்றார். கொத்தமல்லிக் கட்டுக்கே கால்மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பும்போது யாரும் கேட்காமலே பலகாரக் கடையில் பால்பன் வேறு வாங்கினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருமாண்ணே?"

"கம்பெனிக்கு அனுப்பணுமாம். நாளாகும். நீ இங்கயே இரு ஆத்தா."

அத்தை பால்பன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பெட்டிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, கம்பெனியில் புதிதாகவே கொடுத்துவிடுவார்கள் என்று நான் தேற்றினேன்.

கம்பெனி வேலை மாதக் கணக்கில் நடந்தது. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கி வருவார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். சாக்லேட்டு இல்லாமல் அவர் வந்ததே இல்லை. அப்பா மரியாதை குறையாமல் உட்காரவைத்து, காபி கொடுத்து, பெட்டி இன்னும் வரவில்லை என்பார். இதற்குள் அத்தை போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்து, முகமும் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஒருநாள் மாமா பொறுமை இழந்து, புதுப் பெட்டியைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"வாரண்டி இருக்கறப்ப எதுக்கு மாப்ளே வீண் செலவு?" என்றார் அப்பா.

எனக்குத் தாங்கவில்லை. முந்தின நாள் அம்மாவோடு போடிக்குப் போனபோது, அதே கடையில் அந்தப் பெட்டி புதுச் சக்கரத்தோடு நிற்பதைப் பார்த்திருந்தேன். பட்டாம்பூச்சிகூட அப்படியே இருந்தது. அத்தனையையும் மாமாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது வேற பெட்டி."

மாமா பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. அத்தை இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். பிற்பாடு நான் கல்லூரி விடுதிக்குத் துணிமணி கொண்டுபோனது அந்த நீலப் பெட்டியில்தான்.

மாமா எழுந்து போன அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை. ஸ்டிக்கரை ஒட்டியவளே நான், என்னிடமே பொய்யா என்று கோபம். அப்பா சொன்னது பொய் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது மாமாவுக்கும் தெரிந்தது என்பதும், தெரியட்டும் என்றுதான் அப்பா அதைச் சொன்னார் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.