அடி எடுத்துக் கொடுத்தவர்

என் வீட்டுக்காரருக்கு வெளியே ஒரு பட்டப்பெயர் உண்டு: கம்பி. நான் வைத்ததில்லை. ஒரு ராக் இசைக்குழுவின் பின்னால் ஊர் ஊராகச் சுற்றும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்கள் வைத்தது. மேடைக்கு முன்னால் ஜனங்களைத் தடுக்க இரும்புக் கம்பியில் தடுப்பு போட்டிருப்பார்கள். அதன் நட்டநடுவில், பாடகருக்கு நேர் எதிரே, எந்த ஊரானாலும் இவர் நிற்பார். காலையிலேயே போய் வரிசையில் உட்காருவார். எழுந்து போனால் இடம் போய்விடுமே என்று தண்ணீரைக்கூட நாக்கை நனைக்கிற அளவுதான் குடிப்பார். கதவு திறந்ததும் ஓடிப்போய் அந்தக் கம்பியைப் பிடித்தால், நிகழ்ச்சி முடிகிறவரை விடமாட்டார். வீட்டில் ஒரு வேலை என்றால் கம்பி நீட்டுவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால், அந்தப் பெயரில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். பாதி வழியில் லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் கதவில் வாயை வைத்துப் பேச ஆரம்பிப்பார். "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் நிக்கறேன். என்கிட்ட பேசிக்கிட்டே இருங்க." உள்ளே இருப்பவருக்கு ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம் என்பார். ஊரான் வீட்டு லிஃப்ட்டுக்கு அவ்வளவு பொறுமை.

பைத்தியம் பிடித்த கதையைச் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் குழு பெரிய பெயர் வாங்காத காலத்தில், ஒரு சின்ன அரங்கத்தில் பாடியிருக்கிறார்கள். அவர்களுடைய பிரபலமான பாட்டில், இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் பாடகருக்கு வரி மறந்துபோயிற்று. கிடாரும் டிரம்ஸும் சுற்றிச்சுற்றி அதே இடத்தில் நிற்க, முன்னால் நின்ற இவர் அந்த வரியைக் கத்திச் சொல்லி அடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பாடகர் பிடித்துக்கொண்டு பாடி முடித்துவிட்டு, இவரைக் கைகாட்டி, "இவர் இருக்கும்போது எனக்கு என்ன கவலை!" என்று மைக்கில் சொன்னாராம். அரங்கமே கைதட்டியதாம்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டுக்காரர் வேலை உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தச் சரணம் வரும்போது பாடகர் குனிந்து தன்னைப் பார்ப்பதாகவும், தான் உதட்டை அசைப்பதைப் பார்த்துத்தான் அவர் பாடுவதாகவும் சொல்வார். "நான் போகலன்னா மனுஷன் மேடையில நின்னுடுவாரு" என்பார். குழு சுற்றுப்பயணம் கிளம்பினால் இவரும் கிளம்பிவிடுவார். சூப்பர்வைசரிடம் என் பெயரில் எத்தனை வியாதி சொல்லி லீவு வாங்கினார் என்று கணக்கில்லை. தெருவில் அந்தச் சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டபோது, என்ன ஆபரேஷன் என்று தெரியாமலே தலையாட்டியவள் நான்.

ஒரே ஒரு முறை என்னையும் அழைத்துப் போனார். நான் ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். அன்று வரிசையிலும் நின்றதில் கால் வீங்கிவிட்டது. காவலுக்கு நின்ற பெண் பரிதாபப்பட்டு, மேடையின் பக்கவாட்டுப் படியில் என்னை உட்காரவைத்தாள். இவர் கம்பியை விட்டு வரவில்லை.

அங்கிருந்துதான் பார்த்தேன். மேடையின் விளிம்பில், இவர் நின்ற இடத்துக்கு நேராக, கறுப்பாக ஒரு பெட்டி. முன்னால் நிற்பவர்களுக்கு அது ஸ்பீக்கர் மாதிரித்தான் தெரியும். என் பக்கத்திலிருந்து அதன் முகம் தெரிந்தது. சின்ன டிவி. அதில் பாட்டின் வரிகள் பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. இரண்டாவது சரணம் வந்ததும் பாடகர் குனிந்தார், படித்தார், பாடினார். பெட்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கழுத்து நரம்பு புடைக்க வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை, கல்யாணத்தன்றுகூட.

ஊர் திரும்பும் பஸ்ஸில், "பாத்தியா? என்னையே பாத்தாரு பாத்தியா?" என்று கேட்டார்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தேன்" என்றேன். அந்த முதல் தடவை உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஒருவேளை அதற்குப் பிறகுதான் பெட்டியே வாங்கினார்களோ என்னவோ.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது சென்ற வருடம். வலது கையும் பேச்சும் போயின. பேச்சு முழுதாகப் போகவில்லை. ஒரு சொல் வரும், அடுத்தது வராது. "அந்த..." என்று ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜன்னலா? போர்வையா? பக்கத்து வீட்டம்மாவா? சரியானதைச் சொன்னதும் தலையை ஆட்டி, அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரிப்பார். கடையில் அரைநாள் வேலையாக்கிக்கொண்டு அதை நான் செய்தேன். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம்கூட எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. அவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

மகன் கட்டில் பக்கம் வந்தால் கிழவிக்கு அவசரம் வந்துவிடும். "நீ... நீ..." என்பார். இவர் கொஞ்ச நேரம் நிற்பார். அப்புறம், "சரிம்மா, சரி, அப்புறம் பேசலாம்" என்று நகர்ந்துவிடுவார். மாட்டிக்கொண்ட ஊர் ஜனத்துக்கெல்லாம் கதவில் வாய் வைத்துப் பேசியவர், பெற்றவள் உள்ளே மாட்டிக்கொண்டபோது ஒரு குரல் கொடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அந்த நேரம் பார்த்துக் குழு கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்தது. டாக்டர், "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டாங்க, பக்கத்துலயே இருங்க" என்று இவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அடுத்த வாரமே இவர் பையில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தைய இப்படி விட்டுட்டு எப்படிங்க போவீங்க?"

"நீதான் இருக்கியே. உனக்குத்தான் அம்மா பேசறது புரியுது, எனக்கு ஒண்ணும் புரியல."

"உக்காந்து கேட்டாத்தானே புரியும்?"

"இது கடைசி டூர்டி. இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு கடைசியில அவர விட்டுட முடியுமா? அவருக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி ஞாபகம் இல்ல."

யாருக்கு வயதாகிவிட்டது என்கிறார், யாருக்கு ஞாபகம் இல்லை என்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். அவர் போனார்.

பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது ஒரு காலை நேரத்தில். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகனை வரச்சொல்லுங்கள் என்றார். போன் செய்தேன். பின்னால் ஒரே சத்தம், வரிசையில் இருந்தார்.

"உடனே கிளம்புங்க."

"இப்ப எழுந்தா என் இடம் போயிடும். சாயங்காலம் ஷோ முடிஞ்ச கையோட பஸ் ஏறிடறேன்."

"அதுவரைக்கும் இருக்க மாட்டாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீ பக்கத்துலயே இரு."

இருந்தேன். மத்தியானம் என் மாமியார் கண்ணைத் திறந்தார். "அவன்..." என்றார். என் முகத்தையே பார்த்தார்.

"வந்துட்டாரான்னு கேக்கறீங்களா அத்தை?" இல்லை என்று தலை அசைந்தது.

"சாப்பிட்டாரான்னா?" இல்லை.

"கூப்பிடணுமா? உடம்பு எப்படி இருக்குன்னா? வேலையப் பத்தியா?" எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டேன். எதற்கும் இல்லை, இல்லை என்றே தலை அசைந்தது. "அவன்..." என்று இன்னொரு தடவை சொன்னார். அடுத்த சொல் எனக்கும் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை இவர் வந்து சேர்ந்தார். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, காலிக் கட்டிலின் எதிரே உட்கார்ந்து அழுதார். நானும் சும்மா இருந்திருப்பேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "நேத்தும் ரெண்டாவது சரணத்துல நின்னுட்டு என்னையேதான் பாத்தாரு. நான் மட்டும் இல்லன்னா..."

"அவர் உங்கள பாக்கல" என்றேன். "உங்க எதிர்ல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கே, அது ஸ்பீக்கர் இல்ல, டிவி. பாட்டு முழுக்க அதுல ஓடுது. அதப் பாத்துத்தான் பாடறாரு. நான் வந்தன்னைக்கே பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

"அன்னைக்கு என்னைப் பாத்தாருன்னு சொன்னியே."

"சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்துட்டு சொன்னேன்."

 அவர் அந்தப் பெட்டியை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். சுவரில் மாட்டிய கன்ட்ரோல் பெட்டியின் மூடியைக் கழற்றாமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிறவர் ஆயிற்றே. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கடைசியில் மெல்லிய குரலில், "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"'அவன்'னு ஆரம்பிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வரல. எடுத்துக் குடுக்க நீங்க இல்ல."

"அவன் வந்துட்டானான்னு கேட்டிருப்பாங்க."

"கேட்டுப் பாத்துட்டேன். அது இல்லன்னாங்க."

"சாப்பிட்டானான்னு..."

"அதுவும் இல்ல."

அவர் கட்டிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். பொய்யில்லை, எல்லாம் நான் முந்தின நாள் கேட்டு முடித்தவை. எல்லாம் தீர்ந்த பிறகு, "அவன் மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்ல வந்திருப்பாங்களோ?" என்றார்.

அதை நான் கேட்டிருக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. ஒருவேளை அதுதானோ என்னவோ, இனி தலையாட்டிச் சொல்ல ஆளில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் மாமியார் பார்ப்பாரே, அப்படி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அன்றைக்குச் சொல்லத்தான் செய்தேன். இந்தத் தடவை மனம் வரவில்லை. எழுந்து போய்க் கட்டில் விரிப்பை உருவித் துவைக்கப் போட்டேன்.