கஞ்சி ஆறும்வரை ஒரு செபம்

யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து காடு மலையெல்லாம் நடந்து வரதராஜன்பேட்டைக்கு வந்து சேர்ந்த பெரிய குடும்பம் அது. அந்த வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன், சாப்பாடும் அங்கேதான். குடும்பத்தை ஆண்டவள் ஒரு கிழவி. வெள்ளைப் புடவை, கழுத்தில் செபமாலை, ஊரார் பாவத்தையெல்லாம் மோப்பம் பிடிக்கிற மூக்கு.

எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிய பிறகுதான் செபத்தைத் தொடங்குவாள். மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சர்வேசுரனிடம் ஒப்படைப்பாள். சினைமாட்டுக்குக்கூட ஒரு வேண்டுதல் உண்டு. கஞ்சி ஆறிப்போகும், என் வயிறு எரியும்.

கஞ்சி ஊற்றுகிற சின்ன மருமகள் பர்மாக்காரப் பெண். அவள் பெயர் மட்டும் செபத்தில் வராது. ஒருநாள் செபம் முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஏன் ஆயா, சின்ன மருமவ பேரைச் சொல்லவே மாட்டேங்கிறீங்க?"

"அவளுக்கு இன்னும் மந்திரமே வாயில நுழையல, ஞானஸ்நானமும் ஆவல. சர்வேசுரனுக்கு அவ யாருன்னு தெரியாது தம்பி."

"மலையில உங்களை முதுகுல தூக்கிட்டு வந்ததே அவதான்னு உங்க மவன் சொன்னாரே!"

கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னைத் தூக்கிட்டு வந்தது மாதா. அவ சும்மா நடந்து வந்தா."

அந்தப் பெண் எதுவும் காதில் விழாதவள்போல, கிழவியின் ஆறிய கஞ்சியை மட்டும் எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கிழவி அதை ஊதி ஊதிக் குடித்து முடித்து, மாதாவுக்கு நன்றி சொன்னாள். அதைக் கேட்டு மாதாவுக்கே கூச்சமாக இருந்திருக்காதா என்பது எனக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.