சீப்பு விழுந்தால் எடுக்காதீர்கள்

அந்தப் பார்லரில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. சின்னக்காவின் கையிலிருந்து சீப்பு நழுவினால் யாரும் குனிந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவள் இடுப்புப் பையிலிருந்து இன்னொன்றை உருவிக்கொண்டு வேலையைத் தொடர்வாள். கடை சாத்துவதற்கு முன் நீளமான இடுக்கி ஒன்றால் எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவி வைப்பாள். விவரம் தெரியாமல் எடுத்துக் கொடுத்த புதியவர்களுக்கு நன்றி கிடைத்ததில்லை. "நான் கேட்டேனா?" என்பதுதான் கிடைக்கும்.

தலை அலசுவதும் அப்படியே. தொட்டியை நெஞ்சு உயரத்தில் பொருத்தி வைத்திருந்தாள். வந்தவர்கள்தான் எழுந்து நின்று குனிந்து அதில் தலையை நீட்ட வேண்டும். எவ்வளவு பெரிய இடத்துப் பெண்மணியானாலும் சரி.

திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டாள். முழு உடம்போடு, கதவு திறப்பது போலத் திரும்புவாள். அந்த விறைப்புக்குப் பின்னால் இரண்டு கம்பிகளும் சில ஸ்க்ரூக்களும் இருப்பது பேசியவர்களுக்குத் தெரியாது. முதுகெலும்புகளை ஒன்றாகச் சேர்த்து முடுக்கிய ஆபரேஷன் அது. நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. காலில் மின்னல் மாதிரி இறங்கிய வலி அன்றோடு ஒழிந்தது. முதுகு வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரனைப் போல உட்கார்ந்துகொண்டது.

"ஸ்க்ரூ போட்டும் ஏங்க வலிக்குது?" என்று ஒருமுறை பள்ளிக்கூட டீச்சர் கேட்டாள். வாரம் தவறாமல் வருகிறவள்.

"ஸ்க்ரூ போட்ட எலும்பெல்லாம் அசையாம சொகுசா இருக்கு. அதுக்கு மேல இருக்கறது எல்லாருக்கும் சேர்த்து வேலை பாக்குது. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி. கத்தாம என்ன செய்யும்?"

கடையின் மறுபாதி பெரியக்காவுடையது. உடன்பிறந்த அக்கா. தலைக்குச் சாயம் போடுவது அவள் வேலை. தங்கைக்காகப் பயப்படுவது அவள் பிறவிப் பயன். சமீபத்தில் புது எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், மேல் எலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, உடற்பயிற்சியை விடாதீர்கள், அதிக நேரம் உட்காராதீர்கள் என்றார். பெரியக்காவின் காதில் 'தேய்ந்திருக்கிறது' மட்டுமே ஏறியது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. தங்கையிடம் சொல்லாமலே கடையை வாடகைக்கு விட ஆள் தேட ஆரம்பித்தாள்.

அன்று காலையிலிருந்தே சின்னக்காவுக்கு வலி அதிகம். அப்படிப்பட்ட நாட்களில் அவளுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. திரைக்குப் பின்னால் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொள்வாள். பாதி வெட்டிய தலையோடு ஒருத்தி நாற்காலியில் இருந்தாலும் சரி, போய்ப் படுத்துவிடுவாள். வழக்கமாக வருகிறவர்கள் திரைக்கு அடியில் ஸ்டூலைக் கண்டால் பேசாமல் பத்திரிகையைப் புரட்டுவார்கள்.

அன்று பாதித் தலையோடு இருந்தது டீச்சர்.

பெரியக்கா உள்ளே வந்தாள். கூடவே, செல்போன் கடை வைக்க இடம் தேடும் ஒருவர். அவர் சுவரை அளப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்து திரையை விலக்கினார்.

"ஐயய்யோ, ஒரு அம்மா விழுந்து கிடக்காங்க."

நல்ல மனிதர்தான். சட்டென்று அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்து இழுத்தார். பெரியக்காவுக்கு எல்லாம் தெரியும். ஸ்டூலும் தெரியும், வைத்தியமும் தெரியும். ஆனால் மனசுக்குள் ஒளிந்திருந்த பயம் அந்த ஒரு சொல்லில் கட்டவிழ்ந்துகொண்டது. ஓடிப் போய் மறு கையைப் பிடித்து அவளும் இழுத்தாள். இடுப்புப் பை கவிழ்ந்து சீப்புகள் தரையெங்கும் சிதறின. சின்னக்காவின் முதுகுக்குள் கம்பிகளைச் சுற்றித் தீ ஓடியது.

"விடுங்க ரெண்டு பேரும்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "தொடாதீங்க."

விட்டார்கள். அவள் ஒருக்களித்துப் புரண்டாள். மரக்கட்டை உருளுவது போல, தோளும் இடுப்பும் ஒன்றாக. முழங்கையை ஊன்றினாள். முட்டி போட்டாள். ஸ்டூலைப் பிடித்து ஒரு காலை மடக்கி வைத்து, மூச்சை உள்ளிழுத்து, எழுந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. துடைக்கவில்லை.

"நான் தினமும் இப்படித்தான் எந்திரிக்கிறேன். யாரும் பிடிச்சு இழுக்கறதில்ல. இவர் யாருக்கா?"

பெரியக்கா தரையைப் பார்த்தாள். "கடையை வாடகைக்குக் கேட்டு வந்திருக்கார். உன் சம்மதம் இல்லாம நான் எதுவும் முடிக்கலடி."

"கடையைக் கொடுத்துட்டு?"

"வீட்டுல நிம்மதியா உக்காரு."

"உக்காந்தாதான் எனக்கு அதிகமா வலிக்கும். டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதானே இருந்த?"

"உன்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனப்ப என் விரலை நீ விடவே இல்ல," என்றாள் பெரியக்கா. "நான்தான் ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தேன். இன்னொரு தடவை அதைச் செய்ய எனக்குத் தெம்பு இல்லடி சின்னவளே."

இத்தனை வருஷத்தில் அக்கா இதைச் சொன்னதே இல்லை.

"வீட்டுலயும் வலிக்கும். இங்கயும் வலிக்கும். வீட்டுல இருந்தா நானும் வலியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும். இங்க அதோட பேச எனக்கு நேரமே கிடைக்கறதில்ல. வலி தீர்ந்தப்புறம்தான் வாழணும்னா எனக்கு எப்பக்கா முறை வரும்?"

நாற்காலியிலிருந்து டீச்சர் கனைத்தாள். "கடையைக் கொடுக்கறதுன்னா, என்னோட இன்னொரு பக்கத்தையும் வெட்டிட்டுக் கொடுங்க. பிள்ளைங்க சிரிப்பாங்க."

சின்னக்கா நாற்காலிக்கு வந்தாள். பெடலை மிதித்து மிதித்து டீச்சரைத் தன் உயரத்துக்கு ஏற்றினாள். பையில் மிச்சமிருந்த ஒரே சீப்பை எடுத்தாள். அதுவும் நழுவி விழுந்தது.

செல்போன் கடைக்காரர் பாவம், குனிந்தார்.

"எடுக்காதீங்க தம்பி," என்றாள் பெரியக்கா.

அவர் குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார்.

"இங்க அது வழக்கமில்ல. கடையும் கொடுக்கறதா இல்ல. வீணா அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியேறினார்.

சின்னக்காவின் கை காலிப் பைக்குள் துழாவிக்கொண்டிருந்தது. சீப்புகள் அத்தனையும் தரையில். பெரியக்கா அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தாள். தன் கொண்டையில் செருகியிருந்த சீப்பை உருவி நீட்டினாள்.

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. விழுந்ததை எடுத்தும் கொடுக்கல. இது என்னோடது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடு."

சின்னக்கா அதை வாங்கிக்கொண்டாள். முதுகு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. டீச்சரின் தலையை நேராக்கிப் பிடித்து, மிச்சமிருந்த பக்கத்தை வெட்டத் தொடங்கினாள்.